இஸ்திரி அறையில் அக்கா

அக்கா ஆற்றோடு போய் ஒரு மழைக்காலம் முழுதாகக் கழிந்த பிறகுதான் இஸ்திரி அறையில் அவள் குரல் கேட்கத் தொடங்கியது. அதுவும் உச்சி வெயில் நேரத்தில்.

அந்த வீட்டில் தங்கையை ஊமச்சி என்று கூப்பிடுவார்கள். அவள் ஊமை அல்ல. அவளுக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள் என்பதால் வாயைத் திறக்கும் தேவை அவளுக்கு வந்ததில்லை. அக்காவைப் பாட்டுக்காரி என்பார்கள். பெற்றவள் வைத்த பெயர்கள் இரண்டு பேருக்கும் இருந்தன. அவற்றை அவர்கள் தங்களுக்குள் மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

தோலின் நிறத்தைப் பார்த்து மனிதர்களை விற்றும் வாங்கியும் வந்த காலம் அது. வெளுத்தவர் வீட்டுப் பெண் கல்யாணமாகிப் போகும்போது கட்டில், நிலைக்கண்ணாடி, துணிப்பெட்டி எல்லாவற்றோடும் கறுத்த பெண்கள் சிலரும் சீராகப் போவார்கள். அக்காவும் தங்கையும் அப்படித்தான் துரைசானியோடு அந்த ஆற்றங்கரை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். துரை நீதிமன்றத்தில் நீதிபதி. அவர் சட்டைக் காலர்கள் பலகை போல விறைப்பாக நிற்க வேண்டும். அதனால் கஞ்சிப் பானை அடுப்பை விட்டு இறங்கியதே இல்லை.

கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தள்ளும் வேகத்துக்கே அக்காவுக்குப் பாட்டு வரும். முன்னால் தள்ளும்போது ஒரு வரி, பின்னால் இழுக்கும்போது ஒரு வரி. யாரிடமும் கற்றதில்லை, எழுதவும் தெரியாது. மடித்த துணியை மாடிக்குக் கொண்டுபோன ஒரு நாள், அவள் முணுமுணுத்த பாட்டைத் துரைசானி கேட்டுவிட்டாள்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள் துரைசானி.

அக்கா சொன்னாள்.

*காற்றுக்கு யார் எசமான்? கட்டி வைத்துக் காட்டு பார்ப்போம்;*
*கறுத்த மூக்கில் போனதுதான் வெளுத்த மூக்கில் வருது கேளு.*

துரைசானி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தாள். அன்றிலிருந்து தினமும் கொஞ்ச நேரம் அக்கா மாடியறையில் நின்றபடி சொல்ல, துரைசானி உட்கார்ந்தபடி எழுதினாள். அது புத்தகமாக வந்தது. அட்டையில் துரைசானி பெயர். விடுதலையைப் பற்றி ஒரு பெண் இவ்வளவு துணிச்சலாக எழுதியிருக்கிறாளே என்று தலைநகரத்துப் பத்திரிகைகள் வியந்தன.

புத்தகம் வந்த அன்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி இஸ்திரி அறைக்கு வந்தாள்.

"மூக்குங்கறது நாகரிகமா இல்லையாம்டி. நாசின்னு மாத்திட்டாங்க. என் பாட்டோட மூக்க அறுத்துட்டாங்க!"

"உன் பேர் எங்கக்கா?"

"பேர் கெடக்கு. புத்தகம் வந்ததும் நம்ம ரெண்டு பேருக்கும் விடுதலச் சீட்டு வாங்கித் தரேன்னு சொல்லியிருக்காங்க. துரைகிட்ட பேசுவாங்களாம். அத வாங்கிட்டு ஓடிப் போயிடலாம். பேர நாமளே கூப்பிட்டுக்கலாம்."

சீட்டைப் பற்றி அக்கா ஒரு தடவை கேட்டாள். கொஞ்ச நாள் விட்டு மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது துரையின் காதில் விழுந்துவிட்டது. பாட்டுகள் யாருடையவை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஊர் மெச்சுகிற தன் மனைவியின் புத்தகம் சலவைக்காரி வாயிலிருந்து வந்தது என்று வெளியே தெரிந்தால் தலையைத் தொங்கப்போட வேண்டியதுதான் என்று அவர் நினைத்தார். மலைத் தோட்டத்துக்காரர் ஒருவருக்கு அக்காவை விற்க ஏற்பாடு செய்தார். அவளைக் கூட்டிப் போக வீட்டுக்குப் பின்னாலிருந்த படித்துறைக்குப் படகு வந்தது. அன்று காலை ஊமச்சியை இஸ்திரி அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அந்த அறைக்கு ஆற்றுப் பக்கம் சன்னல் கிடையாது. அவளுக்குக் கேட்டதெல்லாம் ஆட்கள் ஓடும் சத்தமும், அப்புறம் எதுவுமே இல்லாததும்தான்.

"கால் வழுக்கி விழுந்துட்டா. ஆத்துல இழுப்பு ஜாஸ்தி," என்று சொன்னார்கள். உடல் கிடைக்கவில்லை.

ஊமச்சி அழவில்லை. அக்கா விட்டுப் போன துணிக்குவியலையும் சேர்த்துத் தேய்த்தாள்.

மழை விட்டு வெயில் ஏறிய ஒரு மதியம், துரையின் வெள்ளைச் சட்டை ஒன்றை விரித்துத் தண்ணீர் தெளித்துப் பெட்டியை வைத்தாள். ஈரம் சுரீரென்று பொரிந்தது. அந்தச் சத்தம் அடங்கும் முன்னே, தோளுக்குப் பக்கத்தில், மூச்சுக் காற்று படும் தூரத்தில், அக்கா சொன்னாள்:

*ஈரத் துணியைப் பிழிவது போல் என்னைப் பிழிந்தது ஆறு;*
*இன்னும் சொட்டி முடியவில்லை, எட்டி வந்து பாரு.*

பெட்டியைத் தூக்க மறந்து அப்படியே நின்றாள். சட்டையின் முதுகில் முக்கோணமாகக் கருகியது. திரும்பிப் பார்த்தாள். கொடியில் தொங்கிய துணிகளும் மூலையில் கரிக்கூடையும்தான் இருந்தன. தரையில் மட்டும், துணிகள் இல்லாத ஓர் இடத்தில், ஈரம்.

சமையல்காரியிடம் ஓடினாள். அந்த அம்மாளை அவள் அத்தை என்றுதான் கூப்பிடுவாள். உறவு ஒன்றுமில்லை, உறவு வேண்டியிருந்ததால் அப்படி.

"அத்தை, அக்கா வந்திருக்கா."

"ஏண்டி, செத்தவங்க வரணும்னு நெனச்சா நல்ல எடமாப் பாத்து வரமாட்டாங்களா? உன் கஞ்சிப் பானை பக்கத்துலயா வந்து நிப்பாங்க? சூடு தலைக்கேறியிருக்கு. தண்ணியக் குடிச்சிட்டுப் போ."

சொல்லிவிட்டு அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கருகிய சட்டைக்காக ஊமச்சிக்கு அடி விழுந்தது. ஆனால் அதற்குப் பிறகு மதியம் இஸ்திரி அறைப் பக்கம் அத்தை போவதில்லை.

குரல் வந்துகொண்டேயிருந்தது. எப்போதும் பாட்டாகத்தான் வரும். "அக்கா, குளிருதா?" என்று கேட்டால் பதில் இருக்காது. "என்மேல கோபமா?" என்றாலும் இருக்காது. பெட்டியை நகர்த்தினால் அடுத்த வரி வரும். நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். ஊமச்சிக்கு நடுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் துணி தீர்ந்துபோன நாட்களில், தேய்த்த துணியையே உதறிப்போட்டு மறுபடி தேய்த்தாள்.

மாடியில் துரைசானிக்கு வேறு பிரச்சினை. அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வரப் போகிறது என்று பேச்சு அடிபட்ட சமயம். அதை ஆதரித்த படித்த கனவான்களும் அவர்கள் மனைவிமாரும் துரைசானியைத் தேடி வந்தார்கள். புதிதாக என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவள் எழுதிப் பார்த்தாள். தாளெல்லாம் நாசியும் தென்றலுமாக வந்ததே தவிர, மூக்கும் காற்றும் வரவில்லை.

ஒரு நாள் ஊமச்சி படுக்கை விரிப்புகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தன்னையறியாமல் வாய் முணுமுணுத்தது. துரைசானி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்லீங்கம்மா."

"அது உங்க அக்கா பாட்டு மாதிரி இருக்கு. எங்கிட்ட சொல்லாம வெச்சிருந்தாளா?"

"இது புதுசுங்க."

துரைசானி அதைச் சரியாகக் கேட்கவில்லை. ஏற்கெனவே தாளை எடுத்துவிட்டிருந்தாள். ஊமச்சி ஆற்றுப் பாட்டைச் சொன்னாள். துரைசானியின் பேனா வேகமாக ஓடியது. நீண்ட நாள் பட்டினி கிடந்தவள் சாப்பாட்டைப் பார்த்தது போல இருந்தது அவள் முகம்.

"இன்னும் இருக்கா?"

"இருக்குங்க."

*படகில் ஒருவன் கயிறெடுத்தான், படியில் ஒருவன் தடுத்தான்;*
*பயந்து தானே வரட்டும் என்று பல்லைக் காட்டிச் சிரித்தான்.*

பேனா மெதுவாகியது.

*மாடிச் சன்னல் திறந்திருந்தது, மஞ்சள் திரை பறந்தது;*
*மானம் விட்டுக் கூப்பிட்டேனே, மரக்கதவு சேர்ந்தது.*

பேனா நின்றது. மை ஒரு சொட்டாகத் தாளில் விழுந்து பரவியது. அந்த அறையின் சன்னலில் மஞ்சள் திரைதான் தொங்கிக்கொண்டிருந்தது.

"இத யாரு உனக்குச் சொன்னாங்க?"

"அக்கா."

"பொய் சொல்லாத. படகுக்காரனா? சமையல்காரியா?"

"அக்காதாங்க."

"அன்னைக்கு நீ எங்க இருந்த?"

"என்னைத்தான் பூட்டி வெச்சிருந்தாங்களே. நீங்கதான் பூட்டச் சொன்னீங்கன்னு அத்தை சொன்னாங்க."

துரைசானி தாளைக் கசக்கினாள். "இத மறந்துடு. இனிமே மாடிக்கு வராத," என்றாள். ஊமச்சி இறங்கிப் போனாள். தண்ணீரில் தத்தளித்த அக்காவுக்குக் கயிறு போடவிடாமல் தடுத்துச் சாகவிட்டார்கள் என்பது அவளுக்கே அந்த வரிகளிலிருந்துதான் தெரிந்திருந்தது. ஆனால் பாட்டு என்றால் பாட்டு, நடந்தது வேறாக இருக்கலாம் என்று ஓர் ஆசை மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது. துரைசானியின் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆசை போயிற்று. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் துரைசானியே கூப்பிட்டனுப்பினாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன. கசக்கிய தாள் நீவி விடப்பட்டு மேசைமேல் கிடந்தது.

"அப்புறம் என்ன சொன்னா?"

அதன் பிறகு தினமும் இதுவே நடந்தது. கேட்கவும் முடியவில்லை, கேட்காமலிருக்கவும் முடியவில்லை அவளால். சில வரிகளுக்குக் காதைப் பொத்திக்கொள்வாள். பொத்தியபடியே, "உம், மேல சொல்லு," என்பாள். மதியமானால் மாடித் தரையில் ஈரக்கால் தடம் தெரிவதாகச் சொன்னாள். ஊமச்சிக்கு அங்கே எதுவும் தெரியவில்லை.

விருந்தினர் வந்த மாலை. முன்னறை நிறைய நாற்காலிகள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஊமச்சி தட்டை ஏந்திக்கொண்டு சுவரோரம் நின்றாள். துரை கதவருகே கைகட்டி நின்றார், அவள் தேய்த்த சட்டையில். துரைசானி முதலில் பழைய பாட்டைப் படித்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு அவள் கையிலிருந்த அழகிய கையெழுத்துத் தாள்களை மடியில் வைத்துவிட்டு, எதையும் பார்க்காமல், ஆற்றுப் பாட்டைச் சொல்ல ஆரம்பித்தாள்.

துரைசானியின் குரல் மெல்லியது. மேல் தொண்டையிலிருந்து வரும். அன்று வந்தது வேறு இடத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு வரிக்கும் அவள் உடம்பு முன்னும் பின்னும் லேசாக அசைந்தது, இஸ்திரி போடுகிறவளைப் போல.

கயிற்று வரி வந்தபோது துரை கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். சன்னல் வரியும், அதன் பின் தினமும் சொன்ன வரிகளும் வந்தன. ஊமச்சிக்குத் தெரிந்த பாட்டு அதோடு முடிந்தது. துரைசானி நிறுத்தவில்லை.

*சாத்திய கை என் கைதான். சத்தம் கேட்டும் சாத்தினேன்.*
*பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பாடியவளை ஆற்றில் விட்டேன்.*

ஒரு பெண் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கைதட்டல் எழுந்தது. எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

"என்ன கற்பனை! நேர்ல பாத்த மாதிரி இருக்கு," என்றார் ஒரு பத்திரிகைக்காரர். "அந்த வெளுத்த பெண்ணோட மனசுக்குள்ள புகுந்து எழுதியிருக்கீங்களே, அதுதான் பெரிசு."

"கற்பனை இல்ல," என்றாள் துரைசானி.

"அதான் சொல்றேன். கற்பனைன்னே தோணல."

"அவ எங்க வீட்டுச் சலவைக்காரி. இங்கதான். பின்னாடி படித்துறையில."

அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். துரைசானி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிட்ட பிறகும் யாரும் அதை வாங்கிக்கொள்ளவில்லை. தட்டாமல் நின்றவர்கள் இரண்டு பேர்தான்: துரையும் ஊமச்சியும்.

மறுநாள் காலை அத்தை மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அடியே, உன்னையும் மலைத் தோட்டத்துக்கு அனுப்பப் போறாராம் துரை. காலைல ஆள் அனுப்பிட்டாரு. உன் வாயால இந்த வீட்டு மானம் போச்சாம். ஊமச்சின்னு பேர் வெச்சது எதுக்குன்னே தெரியல, போ!" சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது.

ஊமச்சிக்கு எங்கே ஓடுவதென்று தெரியவில்லை. சீட்டில்லாத கறுத்த பெண் ஊர் எல்லையைத் தாண்டினால் யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டு வரலாம். வழக்கம் போல அடுப்பு மூட்டிக் கரியை நிரப்பினாள். வேறு என்ன செய்வது.

மதியம் இஸ்திரி அறைக் கதவைத் திறந்துகொண்டு துரைசானி வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அங்கே கால் வைத்தது அதுவே முதல் தடவை. புழுக்கம் தாங்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் முத்திரை வைத்த ஒரு தாள்.

"இத வெச்சுக்க. விடுதலச் சீட்டு. வக்கீலைக் கூட்டிட்டு வந்து எழுதினது. வாசல்ல வண்டி நிக்குது. அவர் கோர்ட்டுலருந்து வர்றதுக்குள்ள கெளம்பிடு."

"துரை கையெழுத்துப் போட்டாருங்களா?"

"அவர் கையெழுத்து வேண்டியதில்ல. நீ எங்கப்பா எனக்குக் குடுத்த சீர். எனக்குச் சொந்தம். என் கையெழுத்து போதும்."

ஊமச்சி தாளை வாங்கவில்லை.

"அக்காவும் அந்தச் சீர்ல வந்தவதானே?"

துரைசானி கையிலிருந்த தாளை மடித்தாள், மறுபடி விரித்தாள்.

"அக்காவுக்கும் உங்க கையெழுத்தே போதுமா இருந்துச்சுங்களா?"

"ஆமா."

"அப்ப துரைகிட்ட பேசறேன் பேசறேன்னு சொன்னீங்களே."

"அவ போயிட்டா எனக்குப் பாட்டு இல்ல," என்றாள் துரைசானி. "இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு மாசம்னு தள்ளிப்போட்டேன். அப்புறம் அவர் விக்கறேன்னு நின்னப்ப, எதுத்துப் பேச பயந்துட்டேன்."

அவள் மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று ஊமச்சிக்குத் தோன்றியது. அதைக் கேட்க அவளுக்கு விருப்பமில்லை. தாளைச் சட்டென்று பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அவ இப்ப இங்க இருக்காளா?" துரைசானி அறையைச் சுற்றிப் பார்த்தபடி கேட்டாள்.

"இருக்கா."

"என்ன சொல்றா?"

ஊமச்சி காது கொடுத்தாள். கரி வெடிக்கும் சத்தம். கஞ்சி கொதிக்கும் சத்தம். அப்புறம், பாட்டாக இல்லாமல், எப்போதும் விடியலில் தன்னை உலுக்கி எழுப்பும் அதே அவசரக் குரலில், அக்கா சொன்னாள்: "போடி, நிக்காத."

ஊமச்சி அதைத் துரைசானியிடம் சொல்லவில்லை. கொடியிலிருந்த தன் மேல்துணியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். வண்டி தெருமுனை திரும்பும் வரை, அக்கா பக்கத்தில் வந்து உட்காருவாள் என்று இடம் விட்டு ஒதுங்கியே உட்கார்ந்திருந்தாள்.

யாரும் வரவில்லை.

போய்ச் சேர்ந்த ஊரில் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் கூலிக்கு வேலை கிடைத்தது. நீண்ட மேசையில் வரிசையாகப் பெண்கள் நின்று இஸ்திரி போடும் இடம். அங்கே அவளைக் கூப்பிட அவளுடைய சொந்தப் பெயர்தான். முதலில் சில நாட்கள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பாமலே இருந்துவிட்டாள். மதியம் வந்தால் பெட்டியை மெதுவாகத் தள்ளிக் காத்திருப்பாள். பொரியும் ஈரத்துக்குப் பிறகு ஒன்றும் வராது. பயமில்லாமல் தூங்கலாம், அடியில்லாமல் எழுந்திருக்கலாம். ஆனால் அக்காவைத் தன் விடுதலைக்குப் பதிலாக அந்த வீட்டில் அடகு வைத்துவிட்டு வந்தது போல நெஞ்சு கனத்தது. சில தடவை தானே ஒரு வரி கட்டிப் பார்த்தாள். அசடு வழிந்தது. தலையிலடித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

சில வருடங்கள் கழித்துச் சட்டம் வந்தது. எல்லோருக்கும் விடுதலை. ஆற்றங்கரை வீட்டிலிருந்து அத்தையும் கிளம்பி, விசாரித்து விசாரித்து அவளிடம் வந்து சேர்ந்தாள். அத்தைதான் செய்தி சொன்னாள்: துரை தலைநகரத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். துரைசானி போகவில்லை. தினமும் மதியம் இஸ்திரி அறையில், அணைந்த அடுப்புக்கு எதிரே, நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் தாள். "எழுதறதே இல்லடி. யாரோ பேசறதக் கேக்கற மாதிரி தலைய ஆட்டிட்டே இருக்காங்க. கதவு பக்கம் போனா, 'உஷ்'ங்கறாங்க."

சட்டம் வந்ததைக் கொண்டாட ஊர்ச் சதுக்கத்தில் கூட்டம். சலவைக்கூடத்துப் பெண்களெல்லாம் போனார்கள். மேடையில் வெளுத்த கனவான் ஒருவர், விடுதலைக்காக முதலில் குரல் கொடுத்த மாதரசி என்று துரைசானியின் பெயரைச் சொல்லி, கணீரென்று படித்தார்:

"கறுத்த நாசியில் போனதுதான் வெளுத்த நாசியில் வருது கேளு."

"மூக்கு!" என்றாள் தங்கை.

அவ்வளவு சத்தமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை. கூட்டம் திரும்பியது. கனவான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"என்னம்மா?"

"அது நாசி இல்லீங்க, மூக்கு. அது எங்க அக்கா கட்டின பாட்டு. அந்தம்மா எழுதினாங்க, அவ்வளவுதான்."

சிலர் சிரித்தார்கள். ஒருவர் "உட்காரும்மா" என்றார். கனவான் பொறுமையாகக் கேட்டார்: "உங்கக்கா பேர் என்ன?"

அவள் சொன்னாள். முழுப் பெயரையும், அம்மா கூப்பிடுவது போல, நீட்டிச் சொன்னாள். அந்தப் பெயரை இன்னொருவர் காதுபட அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. கனவான் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். புத்தகத்தில் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

கூட்டம் கலைந்து வரும்போது, அடுத்த மேசையில் இஸ்திரி போடும் பெண் கூடவே நடந்து வந்தாள். கொஞ்ச தூரம் வந்ததும் கேட்டாள்:

"நெசமாவே உங்கக்காவா?"

"ஆமா."

"எப்படி இருப்பாங்க?"

பாட்டைச் சொல்லலாமா என்று யோசித்தாள். ஆற்றைச் சொல்லலாமா என்றும் யோசித்தாள். இரண்டும் வரவில்லை.

"சரியான தூங்குமூஞ்சி," என்றாள். "ஆனா எனக்கு முன்னாடி எந்திரிச்ச மாதிரி நடிப்பா. என் சீப்ப எடுத்து ஒளிச்சு வெச்சுப்பா. கேட்டா, உன் தலைக்கு எதுக்குடி சீப்பு, கோழி கெளறினா போதும்பா. இருட்டுன்னா பயம். என்னைச் செவுத்துப் பக்கம் படுக்க விடமாட்டா, அவதான் படுப்பா."

அந்தப் பெண் சிரித்தாள். "அப்புறம்?"

"அப்புறம், தண்ணியக் கண்டா பிடிக்காது. துவைக்கறப்ப என்னைத்தான் முன்னாடி தள்ளுவா. முட்டிக்கு மேல நனைய மாட்டா."

சொல்லிவிட்டு நின்றாள். அந்தப் பெண் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் மேளமும் கூச்சலுமாக ஆட்கள் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று இரண்டு பேரும் ஒரு கடையோரமாக ஒதுங்கி நின்றார்கள். அங்கேயே அவள், அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள். வீடு போய்ச் சேரும் வரை அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள்.